பி.எஸ்சி. ஜுவாலஜி முடித்துவிட்டு அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்க முடியுமா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. மேடவாக்கத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். நீளமாக இருக்கிறது, சுருக்கிப் படிக்கிறேன். "சார், சென்னையில் பி.எஸ்சி. ஜுவாலஜி இரண்டாம் வருடம் படிக்கிறேன். நீட் இரண்டு தடவை எழுதியும் சீட் கிடைக்கவில்லை. நியூ ஜெர்சியில் இருக்கும் மாமா, அங்கே டிகிரி முடித்த பிறகுதான் டாக்டருக்குப் படிப்பார்கள், உன் பி.எஸ்சி.யே போதும், என்ட்ரன்ஸ் மட்டும் எழுது என்கிறார். உண்மையா? என்னென்ன பேப்பர் படித்திருக்க வேண்டும்? அடுத்த செமஸ்டரில் ஒரு எலெக்டிவ் எடுக்க வேண்டும். கம்ப்யூட்டர், நியூட்ரிஷன், சைக்காலஜி, இந்த மூன்றில் எதை எடுக்கலாம்?"

தம்பி, மாமா சொன்னதில் பாதி சரி. அமெரிக்காவில் மருத்துவம், பல் மருத்துவம், பிசியோதெரபி எல்லாமே கல்லூரியில் ஒரு பட்டப் படிப்பைத் தாண்டி வந்து சேரும் படிப்புகள்தான். அங்கே எம்.டி. என்பதுதான் முதல் மருத்துவப் பட்டம். நம் ஊர் எம்.டி. மாதிரி எம்.பி.பி.எஸ்.ஸுக்கு அப்புறம் வருவது இல்லை. டிகிரி எதில் என்றும் அவர்கள் கேட்பதில்லை. சங்கீதம் படித்தவரும் சேர்கிறார், வரலாறு படித்தவரும் சேர்கிறார். ஆனால் எந்த டிகிரி படித்தாலும் அதற்குள்ளே குறிப்பிட்ட சில அறிவியல் பேப்பர்களை லேபோடு முடித்திருக்க வேண்டும். மாமா விட்டுவிட்ட பாதி இதுதான். ஜுவாலஜி மேஜர் என்பதற்காகத் தனிச் சலுகை எதுவும் கிடையாது.

இந்த வழக்கம் நேற்று வந்ததில்லை. 1910-இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்க, கனடா மருத்துவக் கல்லூரிகளைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை கொடுத்தார். வேதியியல், இயற்பியல், உயிரியல் மூன்றையும் கல்லூரி அளவில் படிக்காதவனை மருத்துவத்தில் சேர்க்காதே என்பது அதில் ஒரு முக்கியமான விஷயம். அந்த மூன்றோடு பின்னாளில் மற்றதெல்லாம் ஒட்டிக்கொண்டது.

இன்றைக்கு வழக்கமாகக் கேட்பது இது. பயாலஜி ஒரு வருடம், ஜெனரல் கெமிஸ்ட்ரி ஒரு வருடம், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ஒரு வருடம், பிசிக்ஸ் ஒரு வருடம். நான்குமே லேபோடு, ஒவ்வொன்றும் சுமார் 8 கிரெடிட். அதற்கு மேல் பயோகெமிஸ்ட்ரி ஒரு செமஸ்டர். ஸ்டாட்டிஸ்டிக்ஸ், சைக்காலஜி, சோஷியாலஜி, ஆங்கிலம் ஆகியவை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சில இடங்களில் இப்போது பேப்பர் பட்டியலே இல்லை, இன்னின்ன தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். என்ட்ரன்ஸில் அதே பாடங்கள்தான் வந்து நிற்கும்.

இப்போது உங்கள் மார்க் ஷீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கல்லூரியின் வெப்சைட்டை அப்புறம் பார்க்கலாம். நம் ஊரில் பார்ட் ஒன்று தமிழ், பார்ட் இரண்டு ஆங்கிலம், பார்ட் மூன்றில் மேஜரும் அலைடும், அதாவது துணைப் பாடமும். ஜுவாலஜி மாணவருக்கு அலைடு பெரும்பாலும் ஒரு வருடம் கெமிஸ்ட்ரி, ஒரு வருடம் பாட்டனி. ஆக, பயாலஜி வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. இன்வெர்ட்டிபிரேட், கார்டேட், செல் பயாலஜி, ஜெனிடிக்ஸ், பிசியாலஜி எல்லாம் படித்துவிடுவீர்கள். பயோஸ்டாட்டிஸ்டிக்ஸும் எங்காவது ஒரு பேப்பரில் இருக்கும். இதுவரை கவலை இல்லை.

இடிப்பது கெமிஸ்ட்ரியில்தான். அலைடு கெமிஸ்ட்ரி என்று ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போவோம். நம் அலைடு லேபில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பியூரெட்டில் பெர்மாங்கனேட், கோனிகல் பிளாஸ்கில் பெரஸ் சல்பேட், வெளிர் ரோஸ் நிறம் நிலைத்து நின்றால் எண்ட் பாயின்ட். கன்கார்டன்ட் வேல்யூ வரவில்லை என்றால் பக்கத்து டேபிளை ஒரு பார்வை. ஆர்கானிக்கில் ஒரு வெள்ளைப் பொடியைக் கொடுப்பார்கள். கொளுத்தினால் புகையோடு எரிகிறதா, அரோமேட்டிக். புரோமின் வாட்டர் நிறம் போகிறதா, அன்சாச்சுரேட்டட். கடைசியில் சோடியம் ஃப்யூஷன் செய்து நைட்ரஜன் இருக்கிறதா என்று பார்ப்பது. ரெக்கார்டில் கையெழுத்து, முடிந்தது. நல்ல பயிற்சிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே ஆர்கானிக் லேப் என்றால் ஒரு பொருளைத் தயாரித்து, பிரித்தெடுத்து, ரீகிரிஸ்டலைஸ் செய்து, டி.எல்.சி. தட்டில் ஓட்டி, ஐ.ஆர்., என்.எம்.ஆர். என்ற கருவிச் சோதனைகளைப் பார்த்து அது அதுதானா என்று நிரூபிப்பது. உங்கள் அலைடு பேப்பரை ஜெனரல் கெமிஸ்ட்ரி கணக்கில் எடுத்துக்கொண்டாலே பெரிய விஷயம். ஆர்கானிக் ஒரு வருடம் என்ற இடம் காலியாகத்தான் இருக்கும்.

பிசிக்ஸ் சுத்தமாக இல்லை. "பிளஸ் டூவில் படித்தேனே சார்" என்பீர்கள். பள்ளியில் படித்ததைக் கல்லூரிக் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

டாக்டருக்கு எதற்கு பிசிக்ஸ் என்று என் வகுப்பிலேயே வருடா வருடம் கேட்கிறார்கள். ஒரு குழாயில் அழுத்தம் மாறாமல் அதன் ஆரம் பாதியானால், உள்ளே ஓடும் அளவு பதினாறில் ஒரு பங்காகிவிடும். பாய்சுயி விதி, ஆரத்தின் நான்காம் அடுக்கு. இதயத்தின் ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து குறுகும்போது, கொஞ்சம்தானே அடைத்திருக்கிறது என்று ஏன் சும்மா இருக்க முடியாது என்பது இந்த ஒரு வரியில் இருக்கிறது.

கெமிஸ்ட்ரிக்கும் ஓர் உதாரணம் சொல்லிவிடுகிறேன், இது எனக்குப் பிடித்த கணக்கு. ரத்தத்தில் பைகார்பனேட் லிட்டருக்கு 24 மில்லிமோல், கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு 1.2. வகுத்தால் 20. இருபதுக்கு லாக் 1.3. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் ரத்தத்தின் பஃபர், பி.எச். சட்டென்று மாறாமல் பிடித்து வைப்பது. அதன் பி.கே.ஏ., அதாவது அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண், 6.1. இரண்டையும் கூட்டினால் 7.4, அதுதான் ரத்தத்தின் பி.எச். இப்போது சர்க்கரை நோய் கட்டுமீறி ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிட்டது, பைகார்பனேட் 12-க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். விகிதம் 10, லாக் 1, பி.எச். 7.1. ஆபத்தான எண். உடம்பு என்ன செய்யும்? கீழே இருக்கும் 1.2-ஐக் குறைக்கப் பார்க்கும், அதாவது கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளும். அதனால்தான் அந்த நோயாளி ஆழமாக, வேகமாக மூச்சு வாங்குகிறார். நாம் பர்ஸ்ட் இயரில் பஃபர் சொல்யூஷன் என்று எட்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்தது இதைத்தான். அமெரிக்காவில் மருத்துவத்துக்கு எழுதும் எம்கேட் என்ட்ரன்ஸ் கேட்பதும் இந்த மாதிரிதான். ஒரு பரிசோதனையை அரைப் பக்கம் விவரித்துவிட்டு, அதன் மேல் நான்கைந்து கேள்வி. நீட் மாதிரி என்.சி.இ.ஆர்.டி. வரியைத் தேடிப் பிடித்து டிக் அடிக்க முடியாது.

அந்த எம்கேட் பற்றிச் சுருக்கமாக. நான்கு பகுதி, மொத்தம் 230 கேள்வி, மார்க் 472-லிருந்து 528 வரை. கெமிஸ்ட்ரியும் பிசிக்ஸும் ஒரு பகுதி, பயாலஜியும் பயோகெமிஸ்ட்ரியும் ஒரு பகுதி, 2015-இல் புதிதாகச் சேர்த்த சைக்காலஜி, சோஷியாலஜி ஒரு பகுதி. நான்காவது, ஆங்கிலப் பத்தியைப் படித்துப் பதில் சொல்வது. அதில் அறிவியலே இருக்காது, தத்துவம், கலை, வரலாறு என்று எதையாவது கொடுப்பார்கள். பயாலஜியில் வெளுத்து வாங்கும் நம் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். தினமும் ஒரு நல்ல ஆங்கிலக் கட்டுரையை முழுதாகப் படியுங்கள், இதற்கு கோச்சிங் எல்லாம் உதவாது.

சரி, விட்டுப்போன பேப்பரை எல்லாம் எப்படியோ முடித்துவிட்டீர்கள் என்றே வைப்போம். சீட் கிடைக்குமா? இங்கே நான் மழுப்ப விரும்பவில்லை. வெளிநாட்டு மாணவரை எடுத்துக்கொள்ளும் அமெரிக்க எம்.டி. கல்லூரிகளே குறைவு. எடுப்பவற்றிலும் பெரும்பாலானவை, குறைந்தது ஒரு வருடமாவது அமெரிக்காவிலோ கனடாவிலோ கல்லூரியில் படித்திருக்க வேண்டும், அறிவியல் பேப்பர்களை அங்கே முடித்திருக்க வேண்டும் என்கின்றன. விண்ணப்பங்களைத் திரட்டும் அம்காஸ் என்ற பொது அமைப்பு நம் பல்கலைக்கழக மார்க் ஷீட்டைச் சரிபார்த்து ஜி.பி.ஏ. என்ற சராசரி மதிப்பெண்ணைப் போட்டுக் கொடுக்காது. பணமும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்க அரசின் கல்விக் கடன் வெளிநாட்டு மாணவருக்குக் கிடையாது, சில கல்லூரிகள் கட்டணத்தை முன்கூட்டியே தனிக் கணக்கில் போட்டு வைக்கச் சொல்கின்றன. மேடவாக்கத்திலிருந்து நேராக அங்கே எம்.டி. வகுப்பில் போய் உட்காரலாம் என்று வீட்டில் யாரும் திட்டம் போட வேண்டாம். மாமாவிடமும் சொல்லிவிடுங்கள், அவர் அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்.

இன்னொன்று. படித்துவிட்டு இந்தியா திரும்பி டாக்டராக வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால், 2018-லிருந்து, வெளிநாட்டில் மருத்துவம் படிக்கப் போகிறவர் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும். சீட் கிடைக்காதது வேறு, தகுதி பெறாதது வேறு. உங்கள் ஸ்கோர் கார்டில் எது என்று பாருங்கள். இங்கேயே எம்.பி.பி.எஸ். வேண்டும் என்றால் பி.எஸ்சி.க்கு அப்புறமும் நீட்தான் வழி. அதற்கு உச்ச வயது வரம்பு இப்போது கிடையாது.

இத்தனையும் சொன்னதால் படிப்பு வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பேப்பர்களுக்கு நிஜமாகவே மதிப்பிருக்கும் இடம் எம்.டி.க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிசிஷியன் அசிஸ்டென்ட் என்ற படிப்பு இங்கே பிளஸ் டூவுக்கு அப்புறம் வரும் பி.எஸ்சி., அங்கே அது முதுகலை. அனாட்டமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி, கெமிஸ்ட்ரி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், சைக்காலஜி கேட்பார்கள். எம்கேட் தேவையில்லை, ஆனால் நோயாளிகளோடு நேரடியாக வேலை பார்த்த அனுபவத்தைப் பெரும்பாலும் மணிக்கணக்கில் கேட்பார்கள். பிசியோதெரபி டாக்டரேட்டுக்கு பிசிக்ஸ் ஒரு வருடம் கட்டாயம் என்கிற இடங்கள்தான் அதிகம். பல் மருத்துவத்துக்கு டேட் என்று தனி என்ட்ரன்ஸ், அதில் பிசிக்ஸ் கேள்வி கிடையாது, ஆனால் ஆர்கானிக் உண்டு. இவற்றிலும் வெளிநாட்டு மார்க் ஷீட்டை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறு. மெயில் போட்டுக் கேளுங்கள், பதில் போடுவார்கள். ஜெமினி மேம்பாலம் பக்கத்தில் அமெரிக்கத் துணைத் தூதரக வளாகத்திலேயே மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் மையம் இருக்கிறது. ஏஜென்டிடம் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு நடை அங்கே போய்விட்டு வாருங்கள்.

காலியான இடங்களை நிரப்ப என்ன செய்வது? பிசிக்ஸையும் ஆர்கானிக்கையும் என்.பி.டி.இ.எல்., ஸ்வயம் என்ற ஆன்லைன் பாடத் தளங்கள் இரண்டிலும் படிக்கலாம். ஐ.ஐ.டி. பேராசிரியர்களே எடுக்கிறார்கள், பாடம் அருமையாக இருக்கும். பாடத்தைப் புரிந்துகொள்ள அது போதும். ஆனால் லேப் இல்லாத சான்றிதழை லேபோடு கேட்கும் 8 கிரெடிட்டுக்கு ஈடாக வைக்க முடியாது. கிரெடிட் வேண்டுமென்றால் அங்கே போன பிறகு கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டு வருடக் கல்லூரியில் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லா மருத்துவக் கல்லூரியும் அதை ஒரே மாதிரி மதிப்பதில்லை.

கல்லூரியை விட்டு வெளியே வருவதற்குள் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். நீங்கள் படித்த வருடத்துக்கான சிலபஸ், ஒவ்வொரு பேப்பருக்கும் தியரி எத்தனை மணி, பிராக்டிகல் எத்தனை மணி என்ற விவரத்தோடு, துறைத் தலைவர் கையெழுத்தும் சீலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மார்க் ஷீட்டில் 'அலைடு கெமிஸ்ட்ரி பிராக்டிகல்' என்று ஒரு வரிதான் இருக்கும். அதை வைத்து அங்கே இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. மூன்று வருடம் கழித்து வந்து கேட்டால் சிலபஸ் மாறியிருக்கும், துறைத் தலைவரும் ரிட்டையர் ஆகியிருப்பார். பழைய காப்பியைத் தேடி ஆபீஸில் அலைய வேண்டியதுதான்.

கடைசியாக எலெக்டிவ். சைக்காலஜி எடுங்கள். எம்கேட்டில் கால்வாசி அதுவும் சோஷியாலஜியும்தான், பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்புக்கும் பிசியோதெரபிக்கும் அது உதவும். நம் எலெக்டிவ் 2 கிரெடிட்டாக இருந்தால் அவர்கள் கேட்கும் 3-க்குப் பத்தாமல் போகலாம், ஆனாலும் மார்க் ஷீட்டில் அந்தப் பெயர் இருப்பது நல்லது. கம்ப்யூட்டர் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதற்கு ஒரு பேப்பரைச் செலவு செய்யாதீர்கள். சைக்காலஜி வகுப்பு உங்கள் கெமிஸ்ட்ரி லேப் நேரத்தோடு மோதினால் மட்டும் நியூட்ரிஷன் எடுத்துக்கொள்ளுங்கள், லேபை விட்டுவிடாதீர்கள். அடுத்த கேள்வி பல்லாவரத்திலிருந்து, பி.பார்ம் பற்றி.