யமதா வீட்டு வெள்ளைத் தாள்

நண்பர்களே, ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் இசாவோ தகாஹாதா என்றதும் இங்கே பலருக்கும் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்’தான் நினைவுக்கு வரும். நன்றாக அழுதும் இருப்பீர்கள். நான் பேச வந்தது அதே மனிதர் 1999இல் எடுத்து, ஜப்பானிலேயே சரியாக ஓடாத ‘மை நெய்பர்ஸ் தி யமதாஸ்’ பற்றி.

அது வந்த நேரம் அப்படி. 1997இல்தான் அவருடைய சக இயக்குநர் மியாசாகியின் ‘பிரின்சஸ் மோனோனோகே’ வசூலை அள்ளியிருந்தது. இருவரும் படம் எடுத்த ஜிப்லி ஸ்டூடியோவிலிருந்து அடுத்த பிரம்மாண்டம் வரும் என்று போய் உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்தது ஒரு சாதாரண வீடு: கணவன், மனைவி, மனைவியின் அம்மா, இரண்டு பிள்ளைகள், உம்மென்று ஒரு நாய். ஹிசாய்ச்சி இஷீ நாளிதழில் வரைந்த நாலு கட்டச் சித்திரக்கதைதான் மூலம். தொடர்ச்சியான கதை கிடையாது. டிவிக்குச் சண்டை போடுவார்கள். கடைக்குப் போய்விட்டு மகள் நோனோகோவை அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள். அந்தக் குழந்தையோ, தொலைந்து போனது தான் இல்லை, வீட்டார்தான் என்று நினைத்துக்கொள்ளும்!

இனி படத்தைப் பாருங்கள். திரையில் பாதிக்கு மேல் வெறும் வெள்ளை. ஆளைச் சுற்றிக் கொஞ்சம் நீர்வண்ணம், அதுவும் ஓரத்தில் கரைந்துவிடும். சோம்பேறித்தனம் என்று நினைத்தால் ஏமாந்தோம். ஜிப்லி முழுக்கக் கணினியில் வண்ணம் தீட்டிய முதல் படமே இதுதான். பென்சில் கோட்டின் நடுக்கம் கெடாமல் இருக்கத்தான் இவ்வளவு பாடு. இத்தனைக்கும் தகாஹாதா வரைகலையிலிருந்து வந்தவர் இல்லை. தன் கையால் போடத் தெரியாத கோட்டை, மற்றவர் கையிலிருந்து பிடிவாதமாக வாங்கியவர்.

அந்த வெள்ளை எதற்கு என்பது ஒரே ஒரு இடத்தில் புரியும். ராத்திரி, தெருவில் பைக் கும்பல் ஒன்று இரைச்சல் போடுகிறது. அப்பா தகாஷி தட்டிக் கேட்கப் போகிறார். அதுவரை உருண்டையும் கட்டையுமாக இருந்த ஆள், சட்டென்று நிஜ மனிதனின் உடற்கட்டுக்கு மாறிவிடுகிறார். வெள்ளை போய் இருட்டு நிறைகிறது. சிரிப்புப் படத்தில் முதல்முறையாக அடி விழுமோ என்ற பயம் நமக்கு வருகிறது. கடைசியில் கும்பலை அதட்டி வழிக்குக் கொண்டுவருவது பாட்டிதான். அப்புறம் தகாஷி தனியே உட்கார்ந்து, பழைய டிவி தொடரின் முகமூடி வீரனாகத் தன்னைக் கற்பனை செய்துகொள்கிறார். நடுவயது ஆண்களைப் பற்றி இதைவிடக் கறாராக, இவ்வளவு பரிவோடும் எடுத்த காட்சி அனிமேஷனில் எனக்குத் தெரிந்து இல்லை.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. 104 நிமிடம் இந்தப் படத்துக்கு நீளம்தான். நடுவில் தொய்கிறது. இடையிடையே வரும் ஜப்பானியக் கவிஞர் பாஷோவின் ஹைக்கூக்களில் சில வேலை செய்கின்றன, சில சும்மா ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் 2013இல் அவர் ‘தி டேல் ஆஃப் தி பிரின்சஸ் காகுயா’ எடுத்தபோது எல்லோரும் கொண்டாடினார்களே, இளவரசி விருந்தை விட்டு ஓடும்போது கோடுகள் கிழிந்து பறக்கும் அந்த இடத்தை, அதற்கான பழக்கம் இங்கேதான் பிடிபட்டது. தோற்ற படத்தின் பாணியையே 14 வருஷம் கழித்து இன்னும் தீவிரமாகக் கையில் எடுத்தார். அதுவே அவருடைய கடைசிப் படமும் ஆயிற்று.

சரி, பேச்சு போதும். அந்த பைக் காட்சியை இப்போது போடுகிறோம். தகாஷி வாசலைத் தாண்டும்போது அவர் தோளை மட்டும் கவனியுங்கள்.