பேச்சுரிமையும் கையெழுத்துரிமையும்: கென்யக் கவுண்டிகளின் வரவு செலவுத் திட்டம்

அவைத் தலைவர் அவர்களுக்கும் அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

உள்ளாட்சியில் மக்கள் பங்கேற்பைப் பற்றிப் பேச வந்த நான் கென்யாவை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 2010 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டின் அரசியலமைப்பு, பொதுப்பணத்தைப் பற்றிய முடிவுகளில் மக்களைக் கலந்தாக வேண்டும் என்று 201ஆம் பிரிவில் கட்டளையாகவே எழுதிவைத்திருக்கிறது. 2013 தேர்தலுக்குப் பின் நாடு, கவுண்டி எனப்படும் 47 உள்ளாட்சிப் பகுதிகளாக இயங்கத் தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளுநர், ஒரு பேரவை. நம் ஊர் ஆளுநரை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே ஆளுநர் மக்களிடம் வாக்குக் கேட்டு வெல்பவர், கவுண்டியின் நிர்வாகத் தலைவர். தேசிய வருவாயில் குறைந்தது 15 விழுக்காடு கவுண்டிகளுக்குச் சேர வேண்டும் என்பதும் அரசியலமைப்பின் ஏற்பாடே.

கட்டளையை மீறினால் என்ன ஆகும் என்பதைத் தலைநகர் நைரோபியை ஒட்டிய கியாம்பு கவுண்டி முதலில் அறிந்துகொண்டது. வரிகளையும் கட்டணங்களையும் விதித்து அது 2013இல் இயற்றிய நிதிச் சட்டத்தை, மக்களை முறையாகக் கலக்கவில்லை என்பதற்காக உயர்நீதிமன்றம் 2014 ஏப்ரலில் செல்லாது என்று அறிவித்தது. தேவாலயம், பள்ளிவாசல், கோயில், பராசா எனப்படும் ஊர்க்கூட்டம், தாய்மொழி வானொலி என இயன்ற எல்லா வழிகளிலும் மக்களை அழைப்பது பேரவையின் கடமை என்று நீதிபதி ஜார்ஜ் ஒடுங்கா அத்தீர்ப்பில் எழுதினார். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இந்தத் தீர்ப்பைக் கொண்டாடாதவர் இல்லை. ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. கூட்டம் நடத்தாவிட்டால் சட்டம் விழுந்துவிடும் என்று அறிந்த நிர்வாகங்கள் கூட்டம் நடத்தக் கற்றுக்கொண்டன. வந்தவர்களிடம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கவும், படம் எடுத்துவைக்கவும் தவறுவதில்லை, நாளை வழக்கு வந்தால் காட்ட வேண்டுமே! வந்தவர் என்ன சொன்னார், அது எந்தத் தலைப்பில் எவ்வளவு தொகையாக மாறியது என்பதற்கு மட்டும் பல இடங்களில் பதிவேடு கிடையாது.

இதில் காலக்கணக்கைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் விஷயம் முழுவதும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. 2012ஆம் ஆண்டின் பொது நிதி மேலாண்மைச் சட்டப்படி, ஆண்டு வளர்ச்சித் திட்டம் செப்டம்பர் 1க்குள் பேரவைக்கு வர வேண்டும். எந்தத் துறைக்கு எவ்வளவு என்ற உச்சவரம்பை முன்வைக்கும் நிதி உத்தி அறிக்கை பிப்ரவரி 28க்குள் வர வேண்டும். விரிவான மதிப்பீடுகள் ஏப்ரல் 30க்குள். ஜூலை 1 அன்று நிதியாண்டு பிறக்கிறது. மக்கள் பெரும்பாலும் திரண்டு வருவது ஏப்ரலுக்குப் பிந்தைய கூட்டங்களுக்குத்தான். அந்த மே மாதக் கூட்டத்தில், தடித்த ஆங்கில ஆவணம் மேசையில் கிடக்க, எழுந்து நின்று தன் ஊருக்கு ஆழ்துளைக் கிணறு கேட்கும் ஒரு பெண், நீர்த்துறையின் மொத்தத் தொகை பிப்ரவரியிலேயே முடிவாகிவிட்டதை அறியமாட்டார். அவர் கேட்பது நியாயமானது; கேட்கும் நேரம்தான் கடந்துவிட்டது. அவரை மே மாதத்தில் அழைத்தவர்கள் இதை அறியாதவர்கள் என்று நான் கருதவில்லை.

இடையில் கவுண்டி வரவு செலவு மற்றும் பொருளாதார மன்றம் என்று ஓர் அமைப்பையும் சட்டம் வைத்திருக்கிறது. வணிகர், தொழிலாளர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், முதியோர், சமய அமைப்புகள் ஆகியோரின் பிரதிநிதிகள் அதில் உண்டு. தலைவர் ஆளுநரே. அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இனிச் சச்சரவுக்கு வருவோம். வரவு செலவுச் சண்டை மக்களுக்கும் அரசுக்கும் இடையில் நடப்பதாக நாம் நினைக்கிறோம். கவுண்டிகளில் அது பெரும்பாலும் ஆளுநருக்கும் பேரவை உறுப்பினர்களுக்கும் இடையில் நடக்கிறது. உறுப்பினரின் நிலையை இரக்கத்தோடு பார்க்க வேண்டும். பள்ளிக்கட்டண உதவி வேண்டும், பாதை போட வேண்டும், பாலம் கட்ட வேண்டும் என்று வார்டு மக்கள் வந்து நிற்பது அவர் வாசலில்தான். நாடாளுமன்ற உறுப்பினருக்கு 2003 முதல் தொகுதி வளர்ச்சி நிதி இருக்கிறது. இவருக்குச் சட்டம் கொடுத்தது சட்டம் இயற்றும், கண்காணிக்கும் அதிகாரம் மட்டுமே. கண்காணிப்பைக் காட்டி அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்க முடியுமா? அதனால் அவர் வார்டு நிதி கேட்கிறார், கிடைக்காதபோது மதிப்பீட்டைத் திருத்துகிறார் அல்லது நிறுத்திவைக்கிறார்.

மக்குவேனி என்ற கவுண்டியில் இது உச்சத்துக்குப் போனது. பேரவை தனக்கென ஒதுக்கிக்கொண்ட செலவை ஆளுநர் கிவூதா கிப்வானா ஏற்க மறுத்தார். வோட்டே நகரில் பேரவை வளாகத்தில் 2014 செப்டம்பரில் துப்பாக்கிச் சூடு நடந்து சிலர் காயமடைந்தனர். கவுண்டி அரசையே கலைத்துவிடுங்கள் என்று மக்கள் கையெழுத்திட்டு மனு அனுப்பினார்கள். அரசியலமைப்பின் 192ஆம் பிரிவின்படி விசாரணைக் குழு அமைந்தது. குழு கலைக்கப் பரிந்துரைத்தது. குடியரசுத் தலைவர் உகுரு கென்யாட்டா 2015இல் அதை ஏற்கவில்லை. 2017 தேர்தலில் கிப்வானா மீண்டும் வென்றார். பழைய உறுப்பினர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை.

ஆனால் நான் மக்குவேனியைச் சொல்வது அந்தச் சண்டைக்காக அன்று. அதே கவுண்டியில், சிற்றூர் முதல் கவுண்டி வரை ஆறு படிகளில் கூட்டங்கள் நடத்தி, ஒவ்வொரு படியிலும் தேர்ந்தெடுத்த கோரிக்கைகளை மேல்படிக்கு அனுப்பும் முறை வளர்ந்தது. அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு பணிக்கும் ஊரார் தேர்ந்தெடுக்கும் திட்ட மேலாண்மைக் குழு. ஓடையில் தடுப்பணை கட்டப்படுகிறது என்று வையுங்கள்: எத்தனை மூட்டை சிமென்ட் இறங்கியது, கம்பி எந்தக் கனம் என்று குழுவினர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், வேலை நிறைவாக முடிந்தது என்று அவர்கள் கையெழுத்திடாமல் ஒப்பந்தக்காரருக்குப் பணம் போகாது. பேசும் உரிமை எல்லாக் கவுண்டியிலும் இருக்கிறது. பணத்தை நிறுத்தும் உரிமை ஊராரிடம் வந்த இடத்தில்தான் ஒப்பந்தக்காரரும் பொறியாளரும் ஊராரைத் தேடி வருகிறார்கள். பங்கேற்பு என்ற சொல்லுக்கு நான் தரும் பொருள் இதுவே. உறுப்பினர்கள் இதை விரும்பாததும் வியப்பில்லை; பட்டியலைத் தீர்மானிக்கும் இடம் அவர்கள் கையை விட்டுப் போகிறதல்லவா?

இந்த ஏற்பாட்டுக்கும் எட்டாத ஓர் இடம் இருக்கிறது. 2024 ஜூனில் வரி உயர்வுகளைக் கொண்ட நிதி மசோதாவை எதிர்த்து இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். மசோதா திரும்பப் பெறப்பட்டது. வருவாய் குறையும் என்று கணக்கிட்ட தேசிய அரசு, கவுண்டிகளுக்கென்று முடிவாகியிருந்த ஏறத்தாழ 40,000 கோடி ஷில்லிங்கைக் குறைக்க முனைந்தது. நாடாளுமன்றத்தின் கீழவையான தேசியப் பேரவை 38,000 கோடி என்றது, மேலவை பழைய தொகையிலேயே நின்றது, இழுபறிக்குப் பிறகு ஏறத்தாழ 38,740 கோடியில் உடன்பாடு ஏற்பட்டது. அதற்குள் கவுண்டிகள் பழைய தொகையை நம்பித் திட்டம் போட்டுவிட்டன. ஊர்க்கூட்டங்களில் தேர்ந்தெடுத்த பணிகளில் எதை வெட்டுவது என்பது, ஆண்டின் நடுவில் ஒதுக்கீடுகளைத் திருத்தும் துணை வரவு செலவுத் திட்டத்தின் வேலையாகிறது. அது அவசரமாக வரும், ஆவணம் மெலிந்திருக்கும், அறிவிப்பு நாட்களும் குறைவாகவே இருக்கும்.

எனவே கென்ய நண்பர்களிடம் நான் வாதிடுவது இதுதான். வெட்டப்போகும் பணிகளின் பெயர்களை வார்டு வாரியாக எழுதி, அவற்றைத் தேர்ந்தெடுத்த அதே குழுக்களின் முன் வைத்த பிறகே துணைத் திட்டத்தைப் பேரவை எடுத்துக்கொள்ளலாம் என்ற விதியை ஒவ்வொரு கவுண்டியும் தன் பங்கேற்புச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். ஆளுநர்கள் இதைத் தாமதம் என்பார்கள். இரண்டு வாரத் தாமதம் ஏற்கத்தக்கதுதான் என்பது என் கருத்து.

நன்றி, வணக்கம்.