எஞ்சின் ஆடுது, ஆனா கை யாரோடது?

[திரையில்: செஸ் பலகை, பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர், முன்னாடி ஒரு நாற்காலி]

2003 நவம்பர். ஆஸ்திரியாவுல கிராட்ஸ் நகரம். கம்ப்யூட்டர் செஸ் உலகச் சாம்பியன்ஷிப் நடக்குது. மோதுறது எல்லாம் செஸ் ஆடுற புரோகிராம்கள்; அதைத்தான் எஞ்சின்னு சொல்வாங்க. ஜானிங்கிற புரோகிராமுக்கு எதிரே ஷ்ரெடர். பட்டத்துக்கான போட்டியில முன்னணியில இருக்கிற புரோகிராம்கள்ல ஒண்ணு ஷ்ரெடர். ஜானியோட நிலைமை ரொம்ப மோசம்.

அந்த நேரத்துல ஷ்ரெடர்ல ஒரு பிழை வெளிப்படுது. ஜெயிக்கிற ஆட்டத்தை முடிக்காம, அதே நிலைக்குத் திரும்பத் திரும்ப வருது. மூணாவது தடவை வந்ததும் ஜானியோட திரையில அறிவிப்பு வந்துடுச்சு: ஒரே நிலை மூணு முறை. செஸ் விதிப்படி இப்போ டிரா கேட்கலாம்.

ஜானியை இயக்கினவர் கேட்கல. அடுத்த நகர்வை ஆடினார். ஷ்ரெடர் ஜெயிச்சுது. டிரா ஆகி ஷ்ரெடருக்கு அரைப் புள்ளி போயிருந்தா ஃப்ரிட்ஸ் புரோகிராம் தனியா முதலிடத்துல நின்னிருக்கும். புள்ளி சமமானதால பிளே-ஆஃப் நடந்து, ஷ்ரெடர் சாம்பியன் ஆச்சு. எதிர்ப்பு கிளம்பினாலும் முடிவை மாத்தல.

அந்த மனுஷனை மோசடிக்காரர்னு நான் சொல்லவே மாட்டேன். தன் புரோகிராமுக்குத்தானே அவர் நஷ்டம் பண்ணிக்கிட்டார்! ஆனாலும் அது தலையீடுதான். எஞ்சினை இயக்குற ஆபரேட்டருக்கு அங்கே இருக்கிற வேலை ரெண்டே ரெண்டு: நகர்வை டைப் பண்ணணும், கம்ப்யூட்டர் கேட்டா கடிகார நேரத்தைச் சொல்லணும். நல்ல மனசோட எடுத்த முடிவா இருந்தாலும், அது எஞ்சின் எடுத்த முடிவு இல்லையே.

[திரையில்: ஆன்லைன் ஆட்டம், ஓரத்துல எஞ்சினோட கணக்கு ஓடிக்கிட்டிருக்கு]

கிராட்ஸ்ல ஆபரேட்டர் எல்லாரும் பார்க்க உட்கார்ந்திருந்தார். ஆன்லைன்ல அந்த நாற்காலியே நம்ம கண்ணுக்குத் தெரியாது. எதிர்ல எஞ்சின் தானா ஆடுதா, இல்ல யாராவது பக்கத்துல உட்கார்ந்து மவுஸைப் பிடிச்சிருக்காங்களா?

எஞ்சின் யோசிக்கும்போது அதோட முதல் தேர்வு மாறிக்கிட்டே இருக்கும். பதினெட்டு நகர்வு ஆழத்துல மந்திரியை நகர்த்தலாம்னு சொல்லும். இன்னும் ஒரு படி ஆழமாப் போனதும் குதிரைன்னு மாத்திக்கும். பல செஸ் மென்பொருள்கள்ல 'உடனே ஆடு'ன்னு ஒரு வசதி இருக்கு. அதை அழுத்தினா எஞ்சின் யோசிக்கிறதை நிறுத்திட்டு, அப்போ மேலே இருக்கிற நகர்வை ஆடிடும். நல்லா செஸ் தெரிஞ்ச ஒருத்தர், தனக்குப் பிடிச்ச நகர்வு மேலே வந்த நொடியில அதை அழுத்திட்டா? நகர்வு எஞ்சினோடது. ஆனா தேர்ந்தெடுத்தது மனுஷன். கடிகாரத்துல சில நொடி வித்தியாசத்தைத் தவிர வேற தடயமே இருக்காது. எனக்கு ரொம்பக் கவலையா இருக்கிறது இந்த வகைதான்.

டிராவுக்குச் சம்மதிக்கிறது, தோல்வியை ஒத்துக்கிறது, ரெண்டு ஆட்டத்துக்கு நடுவுல ஓபனிங் புத்தகத்தை (ஆட்டத் தொடக்கத்துக்கு முன்னாடியே சேமிச்சு வெச்ச நகர்வுகளை) மாத்துறதுன்னு எஞ்சினுக்காக மனுஷன் முடிவெடுக்கிறது எல்லாம் இதோட சேர்த்திதான். எஞ்சினும் அதை நடத்துற மென்பொருளும் பேசிக்க 2000-ல வந்த யூசிஐங்கிற (UCI) இணைப்பு முறையில, டிரா கேட்கவோ தோல்வியை ஒத்துக்கவோ எஞ்சினுக்குக் கட்டளையே கிடையாது. அந்த முடிவை வெளியில இருக்கிற மென்பொருளோ மனுஷனோதான் எடுத்தாகணும்.

'அதே எஞ்சினை அதே நிலையில திரும்ப ஓட்டிப் பார்த்தா உண்மை தெரிஞ்சிடாதா?' நியாயமான கேள்வி. ஆனா பல பிராசஸர்ல ஓடுற எஞ்சின் ஒரே நிலையில ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைச் சொல்லணும்னு இல்லை. வேலை பிரிஞ்சு நடக்கும்போது எந்தப் பகுதி முதல்ல முடியுதோ, அதைப் பொறுத்து முடிவே மாறலாம். அதனால நகர்வு மாறிப்போச்சுன்னு மட்டும் வெச்சு ஒருத்தரைக் குற்றவாளின்னு சொல்றது அநியாயம்.

[திரையில்: 1997, நியூயார்க்]

உலகச் சாம்பியன் காஸ்பரோவுக்கும் ஐபிஎம்மோட செஸ் கம்ப்யூட்டர் டீப் ப்ளூவுக்கும் நடந்த போட்டியிலயும் இதே சிக்கல்தான். ரெண்டாவது ஆட்டத்துல, ராணியை உள்ளே கொண்டுபோய்ச் சிப்பாய்களை அடிக்கிற வாய்ப்பு இருந்தும் டீப் ப்ளூ அதை விட்டுட்டு, 37-வது நகர்வுல மந்திரியை நிதானமா e4 கட்டத்துல வெச்சுது. இயந்திரம் இப்படி ஆடாதேன்னு காஸ்பரோவுக்குச் சந்தேகம். கம்ப்யூட்டர் யோசிச்ச பதிவுகளைக் காட்டுங்கன்னு கேட்டார். ஐபிஎம் பின்னாடி அதை இணையத்துல வெளியிட்டுது. மனுஷன் கை வெச்சதா நிரூபணம் ஆகல. அந்தப் பதிவுகளை அன்னிக்கே மேஜையில வெச்சிருந்தா அந்தச் சந்தேகம் இவ்வளவு வருஷம் வளர்ந்திருக்காதுன்னு நான் நம்புறேன்.

மனுஷனும் எஞ்சினும் சேர்ந்து ஆடுறது தப்பே இல்லை, அதைச் சொல்லிட்டு ஆடினா. 2005-ல ஆன்லைன்ல நடந்த ஃப்ரீஸ்டைல் போட்டியில கிராண்ட்மாஸ்டர்கள் இருந்த அணிகளைத் தாண்டி ஜெயிச்சது ரெண்டு அமெரிக்க அமெச்சூர்கள், மூணு கம்ப்யூட்டரோட. எந்த எஞ்சினை எப்போ நம்பணும்ங்கிற அவங்க திறமைக்குக் கிடைச்ச வெற்றி அது. அதே திறமையை எஞ்சின்கள் மட்டும் மோதுற இடத்துல ஒளிச்சு வெச்சா, ராத்திரி பகலா புரோகிராம் எழுதினவரோட உழைப்புக்கு மதிப்பெண் போடவே முடியாது.

[திரையில்: மனுஷன் இல்லாம ஓடுற எஞ்சின் போட்டி]

டிசெக் (TCEC) மாதிரி இன்னிக்கு இருக்கிற பெரிய எஞ்சின் போட்டிகள்ல நகர்வுகள் ஒரு மென்பொருள் வழியாவே போய் வருது. எஞ்சின் எத்தனை ஆழம் பார்த்துது, எவ்வளவு நேரம் எடுத்துது, நிலையை எப்படி மதிப்பிட்டுதுன்னு ஒவ்வொரு நகர்வுக்கும் பதிவு இருக்கு. ஒரே நிலை மூணாவது தடவை வந்தா, ஆட்டத்தை நடத்துற மென்பொருளே டிரான்னு முடிச்சிடும். யாரையும் கேட்காது.