ஆர்தரின் மேசைக்கு அடியில் ஒரு ரோமானிய அரங்கு

அவையோர்க்கு வணக்கம்.

வேல்ஸ் நாட்டின் தென்கிழக்கில், அஸ்க் ஆற்றங்கரையில் கார்லியன் என்ற சிற்றூர் இருக்கிறது. கி.பி. 75 வாக்கில் ரோமானியரின் இரண்டாம் அகஸ்டா படைப்பிரிவு அங்கே கோட்டை கட்டியது. சுமார் 5,000 வீரர்கள் தங்கிய தளம் அது. இஸ்கா என்று அதற்குப் பெயர்.

அந்தக் கோட்டையின் குளியல் கூடத்தை நினைத்தாலே எனக்கு மனம் நெகிழ்கிறது. அதன் வடிகாலைத் தோண்டியபோது, உருவம் செதுக்கிய மோதிரக் கற்கள் 80-க்கும் மேல் கிடைத்தன. வெந்நீரிலும் நீராவியிலும் பசை இளக, விரலிலிருந்த கல் நழுவித் தண்ணீரோடு போய்விட்டது. படைக் குடியிருப்புக்குத் திரும்பிய பிறகுதான் எத்தனை பேர் அதைக் கவனித்தார்களோ! பேரரசின் பெருமையைப் பேசும் கல்வெட்டுகளைவிட இந்தச் சிறு கற்களே அந்த மனிதர்களை நம் அருகில் கொண்டு வருகின்றன.

படை போனது; சுவர்கள் நின்றன. 12ஆம் நூற்றாண்டில் மான்மத் ஊரின் ஜெஃப்ரி, பிரிட்டனின் பழங்கதை நாயகரான ஆர்தர் மன்னர் முடிசூடிக் கொலுவிருந்த மாநகரம் இதுவே என்று எழுதினார். ஆர்தர் அங்கே வாழ்ந்ததற்குச் சான்று ஏதும் இல்லை. ஆனால் அந்த இடிபாடுகளைப் பார்த்தவர்களுக்கு, அவற்றுக்கு ஈடான ஒரு மன்னர் தேவைப்பட்டிருப்பார் என்றே நான் கருதுகிறேன். ஊருக்கு வெளியே புல் மூடிக் கிடந்த நீள்வட்டப் பள்ளத்தையும் மக்கள், அவர் தம் வீரர்களோடு அமர்ந்ததாகக் கதைகள் சொல்லும் 'ஆர்தரின் வட்ட மேசை' என்றே அழைத்தார்கள்.

பழங்கதையைப் பொய் என்று ஒதுக்குபவர்கள் அடுத்து நடந்ததைக் கேட்க வேண்டும். 1926இல் அந்தப் பள்ளத்தைத் தோண்டப் பணம் கொடுத்தது டெய்லி மெயில் நாளிதழ். ஆர்தர் என்ற பெயருக்கு இருந்த கவர்ச்சியே அதற்குக் காரணம். மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்ததோ, ஏறத்தாழ 6,000 பேர் அமரக்கூடிய ரோமானிய அரங்கு!

களத்தில் நின்று அந்த வேலையைப் பெரும்பாலும் நடத்தியவர் தொல்லியலாளர் டெஸ்ஸா வீலர். அவருடைய கணவரும் தொல்லியலாளருமான மார்ட்டிமர் வீலர் அப்போது லண்டன் அருங்காட்சியகப் பொறுப்பை ஏற்றுப் போய்விட்டார். 1928இல் வெளிவந்த ஆய்வறிக்கையில் இருவர் பெயரும் இருக்கின்றன. 1945இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் ரோமானியப் பானையோடுகளைத் தேடிக் குழி வெட்டியவரும் அதே மார்ட்டிமர்தான். டெஸ்ஸா அதைப் பார்க்கவில்லை, 1936இலேயே இறந்துவிட்டார். வீலரைப் பற்றி நாம் பேசும் மேடைகளில் அந்த அம்மையாரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.