பூட்டியிருக்கும் வீட்டுக்கு இன்னொரு முறை போங்கள்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். கடற்கரை ஊர்களிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் அண்ணன்மார், அக்காமார்களுக்கும், கல்லூரி விடுதிகளில் இருந்து கேட்கும் மாணவர்களுக்கும் வணக்கம். இன்றைக்கு நான் பேசப்போவது பெரும்பாலும் மாணவர்களோடுதான்.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டு கொண்டாடிய 1969ஆம் ஆண்டு தொடங்கியது. அதன் ஏழு நாள் சிறப்பு முகாமை அறியாத கல்லூரி நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்காது. தெருவைக் கூட்டுகிறோம், மரக்கன்று நடுகிறோம். அதோடு வீடு வீடாகப் போய், இந்தக் குடும்பத்துக்கு என்ன நோய், என்ன மருத்துவ வசதி வேண்டும் என்று கேட்டு எழுதியும் வருகிறோம். மண்டபம், பெரியபட்டினம், ஏர்வாடிப் பக்கத்துக் குடியிருப்புகளில் மாணவர்களோடு இந்த வேலையைச் செய்து வருபவன் என்ற முறையில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வந்திருக்கிறேன். எந்த நேரத்தில் கதவைத் தட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் எந்த நோய் உங்கள் தாளில் ஏறும்.

கல்லூரிப் பேருந்து காலை பத்து மணிக்கு ஊருக்குள் வரும், மாலை நான்கு மணிக்குத் திரும்பும். அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள்? பாட்டி இருப்பார், பிள்ளை பெற்று வந்திருக்கும் மகள் இருப்பார், காய்ச்சல் என்று பள்ளிக்குப் போகாத சிறுவன் இருப்பான். ஆண்கள் கடலில் இருப்பார்கள், அல்லது இரவு முழுக்கக் கடலில் கிடந்துவிட்டு உறங்கிக்கொண்டிருப்பார்கள். கடல்பாசி எடுக்கும் பெண்கள் விடியலுக்கு முன்பே வள்ளம் ஏறியிருப்பார்கள். "நீங்க வர்ற நேரத்துக்கு நாங்க தண்ணிக்குள்ள கெடப்போம் தம்பி. வீட்டுல ஆத்தாதான் இருக்கும், அதுக்குக் காது கேக்காது" என்று ஓர் அக்கா எங்கள் பையன் ஒருவனிடம் சொன்னார். அவன் தாளில் அந்த வீட்டுக்கு எதிரே 'பூட்டியிருந்தது' என்று எழுதியிருந்தான்.

பூட்டியிருந்தது என்று நாம் எழுதிவிட்டு நகரும் வீடுகள்தான் அந்த ஊரிலேயே உடம்பை அதிகம் செலவழிக்கும் வீடுகள். பாசிக்குப் போகும் பெண்கள் விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி மூழ்குகிறார்கள். பாறையும் பவளமும் கையைக் கிழிக்கும். சொறி மீன் பட்டால் தோல் தடித்து எரியும். உப்புத் தண்ணீரிலேயே பல மணி நேரம் நிற்கவேண்டும், சிறுநீர் கழிக்க ஒதுக்கிடம் கிடையாது, அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். கரைக்கு வந்தால் நீர்க்கடுப்பு. இதெல்லாம் பகல் பதினொரு மணிக்கு வீட்டில் இருக்கும் பாட்டியைக் கேட்டால் தெரியவராது. சர்க்கரை, மூட்டுவலி, கண்புரை மட்டும் தாளில் நிறையும். அவையும் உண்மைதான். ஆனால் அவற்றை மட்டும் கூட்டிப் பார்த்து, இந்த ஊருக்குக் கண் சிகிச்சை முகாம் போதும் என்று முடிவு செய்தால் பாதி ஊரை விட்டுவிட்டோம் என்றுதான் பொருள்.

அதனால் முகாமுக்கு நாள் குறிக்கும்போது கல்லூரி நாட்காட்டியோடு திதியையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் நன்றாக வற்றும். பாசி எடுப்பு அப்போதுதான் மும்முரமாக இருக்கும். அந்த நாட்களில் போவதென்றால் மாலை ஐந்து மணிக்கு மேல் போங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் பகலிலேயே பார்க்கலாம். விசைப்படகுக்காரர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் வீட்டில் இருப்பார்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க அதைவிட நல்ல காலம் கிடையாது. தேர்வு முடிந்து உங்களுக்கும் விடுமுறை வந்திருக்கும். ஆனால் தடைக்காலத்தில் மட்டும் போனால் கைக்காயம் ஆறியிருக்கும், தோல் எரிச்சல் அடங்கியிருக்கும், ஊரே நலமாக இருப்பதுபோலத் தோன்றும். தொழில் நடக்கும் காலத்திலும் ஒருமுறை போனால்தான் கணக்கு நேராகும்.

அடுத்தது கேள்வி. 'இரும்புச்சத்து மாத்திரை கிடைத்ததா' என்று அச்சடித்த தாளில் இருக்கும். கிடைத்தது என்று சொல்வார்கள், நாமும் குறித்துக்கொள்வோம். மாத்திரை டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள் அம்மா என்று ஒரு மாணவி பணிவாகக் கேட்டாள். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டுக் கடலுக்குப் போனால் குமட்டுகிறது, மூழ்க முடியவில்லை என்றார் அந்த அம்மா. விழுங்கிய நாட்களிலும் கூடவே தேநீர் குடித்திருக்கிறார்; தேநீர் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. மாத்திரை விநியோகம் ஆகிவிட்டது என்ற பதிவும், இரத்தம் ஏறாத உடம்பும் ஒரே வீட்டில் எப்படி இருக்கின்றன என்பதை அந்த டப்பா எங்களுக்குக் காட்டியது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை, தேநீர் வேறு நேரத்தில், சேராவிட்டால் செவிலியரிடம் சொல்லுங்கள் என்று விளக்கிவிட்டு வந்தோம்.

இன்னொன்றையும் கவனமாகச் சொல்லவேண்டும். மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. தீவுகளை ஒட்டிப் பாசி எடுக்கக் கட்டுப்பாடு உண்டு. கையில் காயத்தோடு இருக்கும் ஒரு பெண்ணிடம், எந்தத் தீவுக்குப் பக்கத்தில் அடிபட்டது என்று கேட்டு, பெயரோடு எழுதிவைத்தால், அந்தத் தாள் நாளை யார் கைக்குப் போகும்? காயம் எப்படிப்பட்டது, தடுப்பூசி போட்டார்களா, எத்தனை நாள் வேலை போயிற்று என்பவை போதும். பெயரைத் தனித்தாளில் எழுதுங்கள், அதைப் பொறுப்பாசிரியரிடம் மட்டும் கொடுங்கள். படம் எடுக்கவே எடுக்காதீர்கள். முகாம் அறிக்கைக்கு அழகாக இருக்கும் என்று காயம்பட்ட கையைக் கைபேசியில் பிடித்துக்கொண்டு வருவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம்.

வாக்குறுதியும் வேண்டாம். "ஊசி போட வந்திருக்கீகளா, பணம் வாங்கித் தர வந்திருக்கீகளா?" என்று கேட்பார்கள். நாங்கள் கேட்டு எழுத வந்திருக்கிறோம், எழுதியதை உங்களிடமே திரும்ப வந்து சொல்வோம் என்று மட்டும் சொல்லுங்கள். சொன்னபடி திரும்பிப் போகவும் வேண்டும். பல ஊர்களில் யார் யாரோ வந்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள், எழுதியது எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் ஒரு குடியிருப்பில் மாலை நேரத்தில் மரத்தடியில் கூட்டம் போட்டு, பெயர் எதுவும் இல்லாமல், கணக்கை மட்டும் வாசித்தோம். நீர்க்கடுப்பு என்று வந்ததும் பெண்கள் பக்கம் ஒரே பேச்சு. இது ரொம்பக் குறைச்சலா இருக்கே, பொம்பளைப் பிள்ளைகளை அனுப்பித் திரும்பக் கேளுங்க என்றார்கள். ஆண் மாணவர்கள் கேட்ட வீடுகளில் அதைச் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார்கள். மாணவிகள் மறுபடி போனார்கள், எண்ணிக்கை உயர்ந்தது. எங்கள் கணக்கைத் திருத்திக் கொடுத்தவர்கள் அந்த அக்காமார்தான்.

இந்தப் பருவத்தில் முகாமுக்கு ஊர் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுப்பாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்குள் போவதற்கு முன் கிராம சுகாதாரச் செவிலியரைப் போய்ப் பாருங்கள். கர்ப்பிணிகள் பதிவேடும் தடுப்பூசிப் பதிவேடும் அவரிடம் இருக்கின்றன. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் யார் வீட்டுக்கு மாத்திரை போகிறது என்பதும் அந்தப் பகுதிச் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தெரியும். மாத்திரை கொண்டு வருபவர் வரும் நேரத்தில் ஆள் கடலில் இருக்கிறாரா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். உங்கள் தாளில் பூட்டியிருந்தது என்று குறித்த வீடுகளைத் தனியே எடுத்து, அன்று மாலையே இரண்டு மாணவர்களை மறுபடி அனுப்புங்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.