கூட ஆடுபவர்களின் காதுக்கும் சேர்த்து ஒரு ஹெட்செட்

(திரையில்: விளக்கணைத்த அறை. டிவி வெளிச்சம். கையில் கன்ட்ரோலர்.)

ஒரு நாள் இரவு நாங்கள் நான்கு பேர் ஆன்லைனில் ஆடி முடித்தோம். கொஞ்ச நேரத்தில் கூட ஆடிய நண்பன் ஒரு ஆடியோ கிளிப் அனுப்பினான். "நீயே கேட்டுப் பாருடா" என்பதைத் தவிர வேறெதுவும் எழுதவில்லை.

போட்டுக் கேட்டேன். மின்விசிறி சுற்றும் சத்தம். கன்ட்ரோலர் பட்டன் சத்தம். அடுத்த அறையில் யாரோ பேசுவது. இவ்வளவுக்கும் பின்னால், கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல என் குரல். அந்த ஹெட்செட்டைத்தான் ஆறு மாதமாக மாட்டிக்கொண்டிருந்தேன். என் காதில் அது அருமையாக ஒலித்தது. அந்த ஆறு மாதமும் மற்ற மூன்று பேர் காதில் என்ன விழுந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது.

ஆடிக்கொண்டே பேசும் வாய்ஸ் சாட்டுக்கு ஹெட்செட் வாங்கும்போது நாம் எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். ஸ்பீக்கர் நம் காதுக்கு. மைக் மற்றவர்களின் காதுக்கு. நம் மைக்கை நாம் கேட்பதே இல்லை. அதனால் இந்த வீடியோவில் மைக்குக்குத்தான் அதிக நேரம் கொடுக்கப் போகிறேன்.

(திரையில்: 3.5 மி.மீ. பிளக், மிக அருகில்.)

ஆனால் அதற்கு முன்னால், வாங்கும் ஹெட்செட் உங்கள் கன்சோலில், அதாவது கேம் ஆடும் சாதனத்தில், வேலை செய்ய வேண்டுமே. பெட்டியில் "கேமிங் ஹெட்செட்" என்று இருந்தால் மட்டும் போதாது.

எந்தக் கன்சோலிலும் பெரும்பாலும் தொல்லை தராத வழி, 3.5 மி.மீ. ஒயர்தான். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டிலும் கன்ட்ரோலரின் அடியிலேயே அந்தத் துளை இருக்கிறது. 2013-ல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரில் மட்டும் அது கிடையாது, தனி அடாப்டர் தேவை. 2015-ல் வந்த புதுப் பதிப்பிலிருந்து உண்டு. பிளக்கைக் கையில் எடுத்து அதில் இருக்கும் கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று வளையம் இருந்தால் மைக்கும் அதே ஒயரில் வருகிறது. இரண்டு வளையம்தான் என்றால் அது கேட்பதற்கு மட்டும். கம்ப்யூட்டருக்கென்று மைக்குக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று என இரண்டு பிளக்கோடு வரும் ஹெட்செட் என்றால், இரண்டையும் ஒன்றாக்கும் சின்ன ஒயர் ஒன்று வேண்டும்.

ஒயர் வேண்டாம் என்றால் கொஞ்சம் கவனம் தேவை. பிளேஸ்டேஷன் 5-ல் யூஎஸ்பி டாங்கிள், அதாவது கன்சோலில் செருகும் சின்ன ரிசீவர், வைத்த 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹெட்செட்டுகள் நன்றாக வேலை செய்யும். எக்ஸ்பாக்ஸ் அப்படியில்லை. அதற்கென்று உரிமம் பெற்றுத் தயாரித்ததைத்தான் ஏற்கும். மற்ற டாங்கிளைச் செருகினால் எந்த அசைவும் இருக்காது. ஒரே ஹெட்செட் ஒவ்வொரு கன்சோலுக்கும் தனித்தனிப் பதிப்பாக வருவதும் உண்டு. பெட்டி பார்க்க ஒரே மாதிரி, உள்ளே இருக்கும் டாங்கிள் வேறு. நான் ஒருமுறை இப்படி மாற்றி வாங்கிவிட்டேன். எந்தக் கன்சோலுக்கு என்ற விவரம் பெட்டியின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

நின்டெண்டோ ஸ்விட்ச் தனிக் கதை. 2017-ல் வந்த முதல் ஸ்விட்ச்சில் நின்டெண்டோவின் சொந்த கேம்கள் பலவற்றுக்கு வாய்ஸ் சாட் என்றால் போனில் ஒரு ஆப் வழியாகத்தான். அதனால் ஹெட்செட்டைப் போனில் மாட்ட வேண்டியிருந்தது. வேறு சில கேம்களில் கன்சோலின் துளையிலேயே மைக் வேலை செய்தது. 2025-ல் வந்த ஸ்விட்ச் 2-ல் கன்சோலுக்குள்ளேயே மைக்கும், பேசிக்கொள்ள கேம்சாட் என்ற வசதியும் வந்துவிட்டன.

(திரையில்: புளூடூத் இயர்பட்ஸ்.)

"என்னிடம் நல்ல புளூடூத் இயர்பட்ஸ் இருக்கிறதே, அது போதாதா?" இதைக் கேட்காதவர்கள் குறைவு. எக்ஸ்பாக்ஸும் பிளேஸ்டேஷன் 5-ம் புளூடூத் ஆடியோவை நேரடியாக ஏற்பதில்லை. ஸ்விட்ச்சுக்கு 2021 செப்டம்பர் அப்டேட்டில் அந்த வசதி வந்தது, ஆனால் புளூடூத் மைக் அதில் வேலை செய்யாது.

இதற்குக் காரணம் இருக்கிறது. சாதாரண புளூடூத்தில் பாட்டுக் கேட்க ஒரு வழி, பேச இன்னொரு வழி. முதல் வழியில் ஒலித் தரம் நன்றாக இருக்கும், ஆனால் ஒரு பக்கம்தான் போகும். மைக்கைத் திறந்த உடனே இரண்டாவது வழிக்கு மாறிவிடும். அங்கே ஒலியை விநாடிக்கு 8,000 அல்லது 16,000 முறைதான் அளந்து அனுப்புகிறார்கள். சிடியில் அது 44,100. நீங்கள் பேசுவது மட்டுமில்லாமல் நீங்கள் கேட்பதும் பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடும். அப்புறம் தாமதம். புளூடூத்தில் 100 மில்லி விநாடியைத் தாண்டுவது சாதாரணம். விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடும் கேமில் அது 6 ஃபிரேம். காலடிச் சத்தம் உங்களை வந்து சேர்வதற்குள் எதிராளி திரையில் வந்து நின்றுவிடுவான்.

(திரையில்: ஹெட்செட்டின் மைக் தண்டு, வாயோரத்தில்.)

சரி, இப்போது மைக்.

முதலில் பார்க்க வேண்டியது, மைக் வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. மற்ற எல்லாம் அப்புறம்தான். தூரம் இரண்டு மடங்கானால் மைக்கில் விழும் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். தண்டு மைக் உதட்டிலிருந்து 3 செ.மீ. தூரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். காதுக்கிண்ணத்துக்குள்ளேயே பதித்த மைக் 12 செ.மீ. தள்ளி இருக்கும். 3-லிருந்து 6, 6-லிருந்து 12. ஆக 12 டெசிபல் இழப்பு. மின்விசிறி எப்போதும் தூரத்தில்தான் இருக்கிறது, அதன் சத்தம் இரண்டு மைக்கிலும் கிட்டத்தட்ட ஒன்றே. குரல் சன்னமாக வருகிறதே என்று ஒலியைக் கூட்டினால் மின்விசிறியும் சேர்ந்தே கூடும். அந்த கிளிப்பில் எனக்கு நடந்தது இதுதான். என் ஹெட்செட்டில் மைக் வெளியே தெரியவே தெரியாது. பார்க்க அழகாக இருக்கிறதே என்றுதான் வாங்கினேன்.

அதனால் என் கருத்து இது: வாய்ஸ் சாட் உங்களுக்கு முக்கியம் என்றால் தண்டு உள்ள மைக்கையே வாங்குங்கள். தண்டு வளைத்த இடத்தில் நிற்க வேண்டும், தானாகச் சரியக் கூடாது. பாட்டுக் கேட்கும்போது கழற்றி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. மைக் ஒருதிசை மைக்காக இருந்தால், அதாவது வாய்ப் பக்கத்தை அதிகமாகவும் வெளிப்பக்கத்தைக் குறைவாகவும் கேட்கும் மைக்காக இருந்தால், அறைச் சத்தம் இன்னும் அடங்கும்.

அதை வைக்கும் இடமும் முக்கியம். வாய்க்கு நேர் முன்னால் வைக்காதீர்கள். உள்ளங்கையை உதட்டுக்கு முன்னால் வைத்து "பக்கத்துல பத்துப் பேர்" என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு 'ப'வுக்கும் கையில் காற்று மோதும். அதே காற்று மைக்கில் மோதினால் கேட்பவர் காதில் டப் டப் என்று அடிக்கும். வாயோரமாக, இரண்டு விரல் தள்ளி வைத்து, பஞ்சு உறையும் மாட்டிவிட்டால் இது நின்றுவிடும்.

குரல் தெளிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். உயிரெழுத்துகள் சத்தமானவை, எந்த மைக்கிலும் வந்துவிடும். சிக்கல் 'ஸ', 'ஷ', 'ஃப' மாதிரியான ஒலிகளில்தான். அவற்றின் சக்தி பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. பழைய டெலிபோன் 300-லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும், அதனால்தான் போனில் பெயர் சொல்லும்போது எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருந்தது. மோசமான மைக்கும் இதையேதான் செய்கிறது. நீங்கள் "ஷீல்டு" என்கிறீர்கள், நண்பனுக்கு "ஃபீல்டு" என்று கேட்கிறது. ஆட்டத்தின் நடுவில் "என்னது, என்னது?" என்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

இரைச்சல் நீக்கும் மென்பொருள் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, உதவவும் செய்கிறது. ஆனால் அதை அதிகமாக வைத்தால் சொல்லின் முதல் அசையையே தின்றுவிடும். "வலப்பக்கம்" என்பது "லப்பக்கம்" ஆகும். மைக் அருகில் இருந்தால் அந்த மென்பொருளுக்கு வேலையே குறைவு.

(திரையில்: கன்ட்ரோலரில் ஒளிரும் மியூட் பட்டன்.)

இன்னொரு வசதியைக் கட்டாயம் தேடுங்கள்: சைட்டோன். சில கன்சோல்களில் மைக் மானிட்டரிங் என்று இருக்கும். உங்கள் குரல் மெல்லிய அளவில் உங்கள் காதிலேயே கேட்கும். டெலிபோன் ரிசீவரில் காலங்காலமாக இருப்பதுதான் இது. சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதர்கள் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார்கள். 1911-ல் எட்டியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை எழுதி வைத்தார், அதனால் அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. காதை இறுக மூடி, உள்ளே வெடிச்சத்தமும் ஓடினால் நீங்களும் கத்தத்தான் செய்வீர்கள். வீட்டில் தூங்குபவர்களும் எழுந்துகொள்வார்கள், கூட ஆடுபவர்களுக்கும் காது வலிக்கும். சைட்டோன் இருந்தால் குரல் தானாக இறங்கிவிடும்.

மியூட் பட்டன் கை தடவினால் கிடைக்கும் இடத்தில் இருக்க வேண்டும். மைக்கை மேலே தூக்கினாலே மியூட் ஆகும் வகை எனக்கு மிகவும் பிடிக்கும், இருட்டிலும் சந்தேகம் வராது. பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரில் தனி மியூட் பட்டனே இருக்கிறது. இன்னொன்று, அந்தக் கன்ட்ரோலருக்குள்ளேயே ஒரு மைக்கும் உண்டு. ஹெட்செட் மாட்டாமல் ஆடினால் நீங்கள் பேசுவது எல்லோருக்கும் கேட்டுக்கொண்டிருக்கலாம், பட்டன் சத்தத்தோடு சேர்த்து.

இனி காதுப் பக்கம். இதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். காதுக்கிண்ணத்தின் பின்பக்கம் திறந்த வகை இயல்பாக ஒலிக்கும், ஆனால் அதிலிருந்து கசியும் ஒலி உங்கள் மைக்கில் ஏறி, நண்பர்களுக்கு அவர்கள் குரலே எதிரொலியாகத் திரும்பும். வாய்ஸ் சாட்டுக்கு மூடிய வகையே பாதுகாப்பு. சுற்றிலும் இருந்து ஒலி கேட்கும் என்ற பொருளில் "7.1" என்று பெட்டியில் எழுதியிருப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். பெரும்பாலானவற்றில் உள்ளே இருப்பது காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான், திசை காட்டும் வேலை முழுக்கக் கணக்கு. அந்தக் கணக்கைப் பிளேஸ்டேஷன் 5-ல் டெம்பெஸ்ட், எக்ஸ்பாக்ஸில் விண்டோஸ் சோனிக் என்று கன்சோலே செய்துகொள்கிறது. சாதாரண ஸ்டீரியோ ஹெட்செட்டிலும் அது வேலை செய்யும். எடை, 300 கிராமுக்கு மேல் போனால் இரண்டு மணி நேரத்தில் கழுத்துக்குத் தெரியும். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடுதான் மாட்டிப் பார்க்க வேண்டும்.

கேம் ஒலியையும் சாட் ஒலியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் இருந்தால் விடாதீர்கள். நண்பன் குரல் கேட்கவில்லை என்று மொத்த ஒலியையும் ஏற்றிக்கொண்டே போவதுதான் காதுக்குக் கெடுதல். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபலுக்குப் போனால் அதே வாரத்தில் 4 மணி நேரம்தான். பத்து டெசிபலுக்கு முப்பத்தாறு மணி நேரம் போய்விடுகிறது. கேம் ஒலியைக் குறையுங்கள், குரல் தானாக மேலே வரும்.

(திரையில்: போனில் ஓடும் ஒலிப்பதிவு அலை.)

வாங்கிய அன்றே ஒரு சோதனை செய்யுங்கள், திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே. நண்பனோடு சாட்டில் சேருங்கள். மின்விசிறியை வழக்கமான வேகத்தில் ஓடவிடுங்கள். முதலில் பத்து விநாடி பேசாமல் இருங்கள், அறை எவ்வளவு கேட்கிறது என்று தெரியும். பிறகு பட்டன்களை அழுத்திக்கொண்டே சாதாரணக் குரலில் "பக்கத்துல பத்துப் பேர், ஷீல்டு இல்ல, வலப்பக்கம் வா" என்று சொல்லுங்கள். ஒருமுறை கத்துங்கள், ஒருமுறை கிசுகிசுங்கள். அவன் பக்கத்தில் அதைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பியதை ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, போன் ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள்.