வற்றும் ஆற்றில் மீன் எங்கே போகும்?

வணக்கம் நேயர்களே. தேக்கா சந்தையில் உயிரோடு விரால் வாங்கியவர்களுக்குத் தெரியும், தண்ணீரை விட்டு எடுத்துப் போட்டாலும் அது லேசில் சாகாது. ஊரில் ஏரி வற்றினால் விரால் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் என்று பெரியவர்கள் சொல்லியும் கேட்டிருப்போம். அதனால்தான், பாலைவன ஆற்று மீன் கோடையை எப்படித் தாண்டுகிறது என்று கேட்டால், "மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். ஆப்பிரிக்காவின் நுரையீரல் மீன் நிஜமாகவே அப்படிச் செய்கிறது. சேற்றில் குழி பறித்து, தன் உடம்பில் ஊறும் கோழையாலேயே ஓர் உறை கட்டிக்கொண்டு, காற்றைச் சுவாசித்தபடி மாதக்கணக்கில் கிடக்கும். தொலைக்காட்சியில் அடிக்கடி காட்டுவதும் அதைத்தான். ஆனால் பாலைவன ஆற்று மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வித்தை தெரியாது.

நம் பக்கத்து ஆஸ்திரேலியாவையே எடுத்துக்கொள்வோம். இங்கிருந்து சிட்னிக்குப் பகல் விமானத்தில் போனால் கீழே மணிக்கணக்காகச் செம்மண்தான் தெரியும். அதன் நடுவில் இருக்கிறது ஐர் ஏரி வடிநிலம், அதாவது ஐர் ஏரியை நோக்கித் தண்ணீர் வடியும் நிலப்பரப்பு. பரப்பு சுமார் 12 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது சிங்கப்பூரைப் போல 1,600 மடங்குக்கு மேல். கூப்பர், டயமன்டினா என்ற ஆறுகள் அங்கே கடலை நோக்கிப் போவதில்லை, நாட்டின் உள்பக்கமாக ஓடுகின்றன. ஓடினால்தான் ஓட்டம், சில ஆண்டுகளில் சொட்டுத் தண்ணீர் வராது. நமக்கு ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் மழை. அங்கே ஏரிப் பக்கம் பெய்வது அதில் இருபதில் ஒரு பங்குதான். வெயிலோ ஆண்டுக்கு 2 மீட்டருக்கு மேல் தண்ணீரை உறிஞ்சிவிடும்.

சரி, மீன் எங்கே போகும்? மடுவுக்குத்தான். ஆறு நின்றதும் அதன் பள்ளங்களில் மட்டும் தண்ணீர் தங்கும். கணக்கு எளிது: 2 மீட்டர் ஆழ மடு ஒரு வறட்சி ஆண்டைக்கூடத் தாண்டாது, 4 மீட்டருக்கு மேல் இருந்தால் அடுத்த வெள்ளம் வரும்வரை தாக்குப்பிடிக்க வாய்ப்பு உண்டு. கூப்பர் ஆற்றில், இன்னமின்கா என்ற ஊருக்கு அருகே உள்ள கல்லியமுரா மடு ஆழமான இடத்தில் 20 மீட்டருக்கும் மேல். 1861இல் பர்க், வில்ஸ் என்ற இரண்டு பயணிகள் அந்த வட்டாரத்திலேயே பட்டினியில் செத்தார்கள். அங்கே வாழ்ந்த யந்த்ருவாந்தா மக்களோ அதே தண்ணீரில் மீன் பிடித்துச் சாப்பிட்டார்கள், இவர்களுக்கும் கொடுத்தார்கள். அந்த மக்களோடு தங்கிவிட்ட கிங் என்ற மூன்றாமவர் பிழைத்துக்கொண்டார்.

மடுவுக்குள் சாப்பாட்டுக்கு என்ன வழி? தண்ணீர் பால் விட்ட தேநீரைப் போலக் கலங்கியிருக்கும். வெளிச்சம் ஒரு சாண் இறங்கினாலே அதிகம். ஆனால் கரையோரத்தில், கணுக்கால் அளவுத் தண்ணீரில், மெல்லிய பட்டையாகப் பாசி படியும். அந்தப் பட்டைதான் இறாலுக்கும் நத்தைக்கும் சோறு. அவற்றை நம்பித்தான் பெரிய மீன்கள். நீர்மட்டம் இறங்க இறங்கப் பாசியும் கூடவே கீழே இறங்கும். மாடுகள் கரையை மிதித்துக் குழப்பினால் முதலில் போவது அதுதான்.

பிறகு ஒருநாள், வடக்கே எங்கோ கொட்டிய மழை வாரக்கணக்கில் நடந்து வந்து சேரும். அப்போது பார்க்க வேண்டும் ஸ்பாங்கில்ட் பெர்ச் என்ற சிறு மீனை! வண்டிச் சக்கரம் பதிந்த தடத்தில் ஓடும் தண்ணீரிலேயே அது நீந்திப் போனதாகப் பதிவு இருக்கிறது. மழை நின்ற மறுநாள் நடு வெளியில் ஒரு குட்டையில் மீனைக் கண்டவர்கள் வானத்திலிருந்து விழுந்தது என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

எல்லாருக்கும் அந்தப் பயணம் நல்லபடியாக முடிவதில்லை. போனி பிரீம் என்ற மீன் வெள்ளத்தோடு ஐர் ஏரி வரை போய், அங்கே பெருகி, கூழைக்கடாக்களுக்கு விருந்தாகும். ஏரி வற்றி உப்பு ஏறியதும் மிச்சமும் சாகும். 1974இல் ஏரி நிரம்பியது. அதற்குப் பின் செத்து ஒதுங்கிய மீன்கள் கோடிக்கணக்கில். அடுத்த தலைமுறைக்கு விதை மேலே மடுக்களிலேயே தங்கிய கூட்டம்தான். அதனால், பாலைவன மீனைக் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது கேட்டால், மீனைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கூப்பரில் எந்தெந்த மடு 4 மீட்டருக்கு மேல் ஆழம், எதில் வண்டல் மண் சேர்கிறது, எதிலிருந்து பம்பு வைத்துத் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். நன்றி, வணக்கம்.